ரோசி பெயரில் ஒரு விழாவும் ஆரணிப் பார்வையாளரும்

பி.கே. ரோசியைச் சினிமாவிலிருந்து விரட்டியது தயாரிப்பாளரோ தணிக்கை அதிகாரியோ அல்ல, பார்வையாளர். ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டபோது (1928 என்றும் 1930 என்றும் இருவிதமாகச் சொல்கிறார்கள்) ஒரு புலையர் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதைச் சகிக்காத கூட்டம் திரைமீது கல்லெறிந்தது. ரோசி தப்பித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து வேறு பெயரில் வாழ்ந்து மறைந்தார். படத்தின் பிரதியும் இன்று இல்லை. 2023இல் கூகுள் அவருக்குப் படம் வரைந்து மரியாதை செய்தது, அது வேறு கதை.

பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் சில ஆண்டுகளாக ஏப்ரலில் சென்னையில் நடத்திவரும் திரைப்பட விழா இந்தப் பெயரைத் தாங்கியிருப்பதை வெறும் அஞ்சலியாக வாசிக்கக் கூடாது. விழாக்கள் வழக்கமாகப் பார்வையாளரை ‘ரசிகப் பெருமக்களே’ என்று குளிப்பாட்டும். இந்தப் பெயரோ வாசலிலேயே பார்வையாளரைக் கூண்டில் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே விடுகிறது.

ஏப்ரல் என்பதற்கும் அர்த்தம் உண்டு. அமெரிக்கக் கறுப்பர்களின் வரலாற்று மாதத்தைப் பார்த்து 2015இல் தலித் பெண்கள் தொடங்கிய தலித் வரலாற்று மாதம் அது. கறுப்பர்களிடமிருந்து நாம் கற்பது புதிதல்ல. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்கள், 1982இல் இந்திரனின் ‘அறைக்குள் வந்த ஆப்பிரிக்க வானம்’. அவர்களுடைய கோபத்தை எடுத்துக்கொண்டோம், அழகியலை எடுத்துக்கொண்டோம். அவர்களுடைய கணக்கு நோட்டை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனத்தாங்கல்.

ஆஸ்கர் மிஷோ வீடுவீடாகப் போய்த் தன் நாவலை விற்றவர். 1919இல் முதல் படத்துக்கு விவசாயிகளிடம் பங்கு விற்றார். ஹைலே கெரிமாவின் ‘சான்கோஃபா’வை (1993) எந்த விநியோகஸ்தரும் தொடவில்லை. மனுஷன் வாஷிங்டனில் தியேட்டரை வாடகைக்குப் பிடித்தார். கறுப்பினக் குழுக்கள் துணை நின்றன. அப்படியே ஊர் ஊராகப் போயிற்று படம். கறுப்புச் சினிமா விழா என்கிற நிறுவனத்தின் அடியில் கிடப்பது இந்த உழைப்புத்தான். என்ன படம் என்பதற்கு முன்பே நாற்காலி யாருடையது, இருட்டு யாருடையது என்ற கேள்வி அங்கே கேட்கப்பட்டுவிட்டது. நம் பக்கத்தில் ஜான் ஆபிரகாமின் ஒடெஸா (1984) அதைக் கேட்டது. கேரளக் கிராமங்களில் படம் காட்டிச் சில்லறை திரட்டி ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார்கள். தமிழில் ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த அதே ஜான்தான்.

ரோசி விழா ஒரு வெற்றிபெற்ற இயக்குநரின் தோளில் சாய்ந்து நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தத் தோள் இல்லாவிட்டால் விழாவே இல்லை. ஆனால் ஆரணியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் மூணு நாலு மணி நேரம். கூலிக்கு நெய்கிறவர் ஒரு நாள் தறியைவிட்டு எழுந்தால் அன்றைய கூலி இல்லை. பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வருகின்றன, புடவை அங்கேயே திரும்பிப் போகிறது. இவருக்கும் அந்த விழாவுக்கும் என்ன உறவு?

விழாவை இங்கே கொண்டுவரலாமே என்பீர்கள். கறுப்பர் விழாக்களை ‘சமூகத்தின் ஆதரவில்’ நடப்பவை என்று சுலபமாக எழுதிவிடுகிறோம். தமிழில் சமூகம் என்றால் என்ன? கல்யாண மண்டபத்தின் நெற்றியில் எழுதியிருக்கிறதே, அந்தச் சமூகம். அதாங்க, சாதி. அமெரிக்கக் கறுப்பருக்கு அந்தச் சொல் ஒரே காயத்தால் சேர்ந்த கூட்டம். நமக்கு அது அம்பேத்கர் சொன்ன படிநிலையில் ஒரு படி. இங்கே சமூக ஆதரவு என்பதே ரோசிமீது எறியப்பட்ட கல்லாகவும் இருக்க முடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நாலு பேர் இங்கே படம் காட்ட ஒரு மண்டபம் கேட்டுப் போனோம். வாடகை எவ்வளவு, எத்தனை மணி நேரம், ஒன்றும் பேசவில்லை. “இது எந்தச் சமூகத்துக்காரங்க நடத்தறது?” என்றார் பொறுப்பிலிருந்தவர். கறுப்பர்கள் எடுத்த படம் என்றோம். சிரித்தார். “அது சரி தம்பி, காட்டறது யாரு?” மண்டபம் கிடைக்கவில்லை. சும்மா சொல்லக்கூடாது, எங்கள் தத்துவ வாசிப்பையெல்லாம்விடக் கூர்மையான கேள்வி அது.

கடைசியில் தறிச் சத்தம் ஓய்ந்த ஒரு ராத்திரி, தெருக்கோடிச் சுவரில் சார்லஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ ஓடியது. 1977இல் மாணவராக அவர் எடுத்து முடித்த படம், பாட்டுகளுக்கு உரிமை வாங்க முடியாமல் 2007 வரை தியேட்டருக்கே வராமல் கிடந்தது. தமிழில் எழுத்து ஓடாது. ஆகவே ஒரு நண்பர் சுவரோரம் நின்று, பழைய டாக்கீஸ்காலத்து ஆள்மாதிரி, கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஆட்டுத்தொட்டியில் வேலைபார்க்கும் ஸ்டானும் அவன் கூட்டாளியும் காசு கொடுத்து வாங்கிய எஞ்சினை மூச்சுமுட்டப் படியிறக்கி வண்டியில் வைக்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் அது தரையில் விழுந்து உடைந்துபோகிறது. திண்ணையிலிருந்து ஒருத்தர் சொன்னார்: “புடவைய முடிச்சுக் கொண்டுபோனா, கறை இருக்குன்னு கூலியில புடிப்பான் பாரு, அந்த மாதிரி.” எந்த விமர்சகனும் எழுதாத வாசிப்பு. வறுமையைப் பரிதாபமாக்கித் தரும் ‘காஞ்சிவரம்’ (2008) இப்படியொரு வாக்கியத்தை அவரிடமிருந்து வாங்கியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

ஆனால் அவர் திண்ணையைவிட்டு இறங்கவில்லை. தெருக்காரர் யாருமே இறங்கவில்லை. விரித்த பாயில் காலனிப் பிள்ளைகளும் அவர்களை அழைத்து வந்த இரண்டு பெண்களும்தான். ஒரே சுவர், ஒரே படம், நடுவில் ஒரு சாக்கடை அகலம்.

பாயைச் சுருட்டும்போது அதில் ஒரு அம்மா கேட்டார்: “அடுத்த வாட்டி எங்க தெருவுல போடுங்க தம்பி. நீங்க வருவீங்க. அவங்க வருவாங்களா?”

நாங்கள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தோம்.