கல்லான பெண் கேட்ட வினா

பழங்கதையை மீட்டும் சொல்லுதல் தமிழுக்குப் புதிதன்று. வான்மீகியின் அகலிகை, வந்தவன் இந்திரன் என்று அறிந்தே இசைந்தவள். சாபத்தால் எவர் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலிற் கிடந்தவள். கம்பன் காட்டும் அகலிகையோ கல்லானவள். பரிபாடற் காலத்திலேயே தமிழகம் அறிந்த வடிவம் அது. அவள் உள்ளத்தில் குற்றமில்லை என்று விசுவாமித்திரன் வாயிலாகவே கம்பன் சொல்வித்தான். இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கினான் என்பதையும் மாற்றி, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுத்தான் என்று பாடினான். எனவே, மூலத்தை மாற்றுதல் மரபுக்குப் பகை என்பார் கூற்றுக்கு நம் பெருங்காப்பியமே மறுப்பாக நிற்கின்றது.

மாற்றலாமா என்பதன்று இன்றைய வினா. யார் பக்கம் நின்று மாற்றுவது என்பதே. மேனாட்டுப் புதினங்களும் இவ்வினாவை எழுப்பியுள்ளன. ஜெர்மானிய எழுத்தாளர் கிறிஸ்டா வொல்ஃப் 1983இல் திராய் நகரின் கசாண்ட்ராவைப் பேசவைத்தார். கனடாவின் மார்கரெட் அட்வுட் 2005இல் ஒடிசியசின் மனைவி பெனலோப்பியின் கதையை எழுதினார். ஹோமரின் காப்பியத்தில் தூக்கிலிடப்படும் பன்னிரு பணிப்பெண்களும் அவர் நூலில் வாய்திறக்கின்றனர். பாட் பார்க்கர் 2018இல் வெளியிட்ட புதினத்தில், அக்கிலிசுக்குப் போர்ப்பரிசாகத் தரப்பட்ட பிரிசேயிஸ் தன் கதையைத் தானே கூறுகின்றாள்.

கசாண்ட்ரா வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, 1943இல், புதுமைப்பித்தன் ‘சாப விமோசனம்’ எழுதிவிட்டார். காடேகி மீண்ட சீதை, தான் தீக்குளித்த செய்தியை அகலிகையிடம் கூறுகின்றாள். இராமனா அவ்வாறு கேட்டான் என்று அகலிகை திகைக்கின்றாள். தனக்கு மன்னிப்பு வழங்கியவனே தன் மனைவியிடம் சான்று கேட்டான் என்றால், அம்மன்னிப்பின் பொருள்தான் என்ன? இதற்கு விடை கிடைக்கவில்லை. அகலிகை மீண்டும் கல்லாகின்றாள். முன்பு கல் தண்டனையாக இருந்தது; இங்கோ அதுவே அவளுடைய மறுப்பாகின்றது. இராமனைத் தூற்றும் சொல் ஒன்றேனும் இன்றி இதனைச் சாதித்ததே கதையின் வெற்றி எனலாம்.

இவ்வகைப் படைப்புகள் யாவும் வெற்றி பெற்றன என்று கூறுவதற்கில்லை. பண்டைப் பெண்ணின் வாயில் இன்றைய மேடைப்பேச்சைத் திணித்தால், கதை வழக்காகவும் ஆசிரியர் வழக்கறிஞராகவும் மாறிவிடுவர். எம். வி. வெங்கட்ராமின் ‘நித்திய கன்னி’ இக்குறைக்கு ஆளாகவில்லை. காலவனின் குருதட்சிணைக் குதிரைகளுக்காக மன்னரிடையே கைமாறும் மாதவியின் துயர், பாரதக் கதையிலேயே உறைந்து கிடப்பது. அவர் அதனை வெளிக்கொணர்ந்தார். அம்பையின் ‘அடவி’ வேறொரு வழியிற் செல்கின்றது. அங்கே சீதை குற்றம் சாட்டுவதோடு நின்றுவிடவில்லை, வீணையைக் கையிலேந்துகின்றாள். ஆடவர் ஆக்கிய அகலிகை வினாவோடு கல்லாகின்றாள்; பெண் ஆக்கிய சீதை அதற்கப்பாலும் வாழத் தொடங்குகின்றாள். இவ்வேறுபாடு ஆராயத்தக்கது.

மலேசியத் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1901இல் திறக்கப்பெற்று, 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய போர்ட் கிள்ளானில் எத்துணையோ தமிழ்ப் பெண்கள் கரையேறித் தோட்டங்களுக்குச் சென்றனர். பால்மரம் சீவிய அவர்கள் தம் சொல்லால் எழுதிவைத்தவை மிகச் சிலவே. ஹோமரின் பணிப்பெண்களைப் போல, அவர்களும் பிறர் கதையின் ஓரத்திலேயே நிற்கின்றனர். சீதைக்கும் அகலிகைக்கும் பேச்சு வழங்கக் கற்ற எழுத்துக்கு, இவர்களையும் கேட்கும் கடமை உண்டு.

ஆகவே ஆசிரியர்கள் கம்பனின் அகலிகைப் படலத்தையும் ‘சாப விமோசன’த்தையும் ஒருங்கே வைத்து மாணவர்க்குக் கற்பிப்பாராக. ஒன்று மற்றொன்றை அழிக்காது. கம்பன் அகலிகைக்கு நீதி வழங்கினான்; அந்நீதி சீதைக்கும் உண்டா என்று புதுமைப்பித்தன் கேட்டார். அவ்வினாவைத் தாமே கேட்கக் கற்ற மாணவர், இரு நூல்களையும் கற்றவராவர்.