சிட்ரோயன் எஸ்எம்மா, மெர்சிடீஸ் 280 எஸ்ஈயா?

பழைய கார் சேகரிக்கக் கிளம்புகிற புதியவர்கள் எல்லோரும் நேரே ஃபெராரி பக்கம்தான் ஓடுகிறார்கள். நெடுந்தூரம் போவதற்கென்றே கட்டப்பட்ட இரண்டு கதவு சொகுசு வண்டிகளை, கிராண்ட் டூரர்களை, எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எரிச்சலாக இருக்கிறது. சிட்ரோயன் எஸ்எம், மெர்சிடீஸ் 280 எஸ்ஈ 3.5 கூப்பே இரண்டையும் ஒப்பிட்டு ஓட்டினால் போதும், இந்த வகையின் ருசி பிடிபட்டுவிடும்.

அடிப்படைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். எஸ்எம், 1970 ஜெனீவா கண்காட்சியில் வந்தது. வரைந்தவர் ராபர்ட் ஓப்ரோன். 2.7 லிட்டர் மசராட்டி வி6, 170 குதிரைத்திறன், முன்சக்கர இயக்கம். மொத்தம் 12,920 கார்கள். மெர்சிடீஸின் உருவம் பால் பிராக் வரைந்தது, 1961லேயே வந்துவிட்டது. 1969இல் அதற்குள் 3.5 லிட்டர் வி8 ஏறியது, 200 குதிரைத்திறன். 1971 வரை 3,270 கூப்பேக்கள். போதும்.

இனிதான் விஷயம். தானாக நேராகப் போகிற கார் ஒன்று, நாம் நேராகக் கொண்டுபோகிற கார் இன்னொன்று. மெர்சிடீஸ் இரண்டாவது ரகம். பெரிய, மெல்லிய ஸ்டியரிங். விரல்நுனியால் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே போவோம். கை சற்று அசைந்தாலும் கார் பதறாது. எஸ்எம்மில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இரண்டே சுற்று. அவ்வளவு கூர்மையான ஸ்டியரிங், 200 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தாக அல்லவா இருக்க வேண்டும்? இல்லை. உள்ளே இதய வடிவத்தில் ஒரு கேம். அதன் பள்ளத்தில் ஓர் உருளையை ஹைட்ராலிக் அழுத்தம் அமுக்கிப் பிடிக்கிறது. வேகம் ஏற ஏற அழுத்தமும் ஏறும். ஸ்டியரிங் நடுவை விட்டு நகர மறுக்கும். முன்சக்கரம் திரும்பும் அச்சு, டயர் தரையைத் தொடும் இடத்தின் நடுவிலேயே விழுவதால், சாலைப் பள்ளத்தின் அடி கைக்கு வருவதே இல்லை.

இதைத்தான் ‘உணர்வில்லாத ஸ்டியரிங்’ என்று விமர்சகர்கள் திட்டுகிறார்கள். மலைப்பாதையில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு எழுதினால் அப்படித்தான் வரும். கிராண்ட் டூரரை ஐந்தாவது மணி நேரத்தில் அளக்க வேண்டும். பாரிஸிலிருந்து நீஸ் போய் இறங்கும்போது தோள் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குதிரைத்திறனைக் கூட்டிக் கழிப்பது மேலோட்டம். குரோமைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்கு அனுப்புகிற இப்போதைய மோகம் அதைவிட மோசம்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, மாலை வெயிலில் கடலோரமாக மெதுவாகப் போவதென்றால் என் மனசு மெர்சிடீஸிடம்தான் போகும். நான்கு ஜன்னலையும் இறக்கினால் நடுவில் தூணே இல்லாத அந்தத் திறப்பு! ஆனால் இருட்டிவிட்டது, மழை, இன்னும் முந்நூறு கிலோமீட்டர் பாக்கி என்றால் யோசிக்கவே மாட்டேன், எஸ்எம்தான். அதன் முகப்பு விளக்குகளில் உள்பக்கம் இருப்பவை ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பி, வளைவுக்குள் வெளிச்சம் போடும். அமெரிக்காவுக்குப் போன கார்களில் அந்த வசதி இல்லை, அவற்றைத் தொடாதீர்கள்.

வாங்கப் போனால் மெர்சிடீஸில் துருவைத் தேடுங்கள். எஸ்எம்மில் டைமிங் செயின் வேலை பார்த்த ரசீதைக் கேளுங்கள். பிறகு, நிற்கிற காரில் என்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பிக் கையை எடுத்துவிடுங்கள். தானே நடுவுக்கு வர வேண்டும். தயங்கினால் விலை பேச்சையே எடுக்காதீர்கள்.