ஐம்பதில் வளையுமா? ஒரு பழமொழியை நாம் எழுதும் விதம்

ஆசிரியர்களே, தேர்வு எழுதப்போகும் மாணவர்களே,

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்ற பழமொழியை மொழியணிப் பாடத்தில் எல்லாரும் படித்திருப்போம். நல்ல பழக்கங்களைச் சிறுவயதிலேயே கற்க வேண்டும் என்பது அதன் கருத்து. அதில் தப்பே இல்லை. ஆனால், கட்டுரையில் பலர் இதை 'வயதானவர்களால் புதிதாக எதையும் கற்க முடியாது' என்று நீட்டிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரிடம் 'ஆக்டிவ்' என்ற ஆய்வு நடந்தது. முதல் முடிவுகள் 2002இல் வந்தன. ஒரு குழுவுக்கு நினைவாற்றல், ஒரு குழுவுக்குக் காரணம் அறியும் சிந்தனை, ஒரு குழுவுக்குக் கண்டதை விரைந்து உணரும் வேகம் என்று 10 வகுப்புகள் நடத்தினார்கள். நான்காம் குழுவுக்குப் பயிற்சி இல்லை. வேகப் பயிற்சி பெற்றவர்களில் 87 விழுக்காட்டினரும், சிந்தனைப் பயிற்சியில் 74 விழுக்காட்டினரும், நினைவாற்றல் பயிற்சியில் 26 விழுக்காட்டினரும் உடனே முன்னேறினார்கள். வேகம், சிந்தனை இரண்டிலும் பயன் 10 ஆண்டுக்குப் பிறகும் தெரிந்தது. ஆக, வளைகிறது!

அதற்காக, 'மூளை விளையாட்டு ஆடினால் எல்லாம் கூடும்' என்ற விளம்பரத்தையும் நம்பிவிடாதீர்கள். அந்த ஆய்வில் எதைப் பழகினார்களோ அதுதான் வளர்ந்தது. மற்றத் திறன்களுக்கு அது தாவவில்லை. போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில், லுமோசிட்டி நிறுவனம் 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

இது நமக்கு எதற்கு? தோட்டத்தில் பால்மரம் சீவப் போனதால் படிப்பை விட்ட அம்மாக்களும் பாட்டிமாரும் நம் மாணவர் வீடுகளில் இருக்கிறார்கள். பள்ளிக் கடிதத்தை நீட்டினால், "எனக்கு இனிமே என்னப்பா வரும்?" என்பார்கள். அவர்களுக்கு விளையாட்டுச் செயலி வேண்டாம். அந்தக் கடிதத்தையே வைத்து, நிதானமாக, திரும்பத் திரும்ப எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். கேரளாவின் கார்த்தியாயனி அம்மா 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 98 வாங்கினார்.

மாணவர்களே, பழமொழியைத் தாராளமாக எழுதுங்கள்; பழக்கத்தைப் பற்றி எழுதுங்கள். முதுமையில் கற்றல் என்று தலைப்பு வந்தால், அதே பழமொழியை மறுத்து மேற்கண்ட சான்றுகளைக் காட்டுங்கள். ஆசிரியர்களே, 1922இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி எழுந்த தஞ்சோங் மாலிமில், கற்பவருக்கு வயது வரம்பு போடும் வாக்கியத்தைத் திருத்தாமல் விடலாமா?