பேசாத முப்பது காதம்

நம் வரலாற்றுப் புதினங்களில் காதலர்கள் நிறைய உண்டு. கணவன் மனைவியரைக் காண்பதுதான் அரிது. கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ உறையூரில், காவிரிக் கரையில் தொடங்குகிறது. விக்கிரமனும் குந்தவியும் எப்போது இணைவார்கள் என்பதே வாசகரின் ஏக்கம். இணைந்ததும் ஆசிரியர் விடைபெற்றுக்கொள்கிறார். படகோட்டி பொன்னனும் வள்ளியும் இல்லறத்தார்தாம். ஆனால் அவர்களுடைய சிறு பூசல்கள் அடுப்பில் உலை கொதிக்குமுன் தீர்ந்துவிடும் வகையின. சாண்டில்யனிடத்தும் பெரும்பாலும் இதே நிலைதான். மணமாலைக்குப் பின் பல ஆண்டுகள் கழித்து, பிரிந்து போன இருவர் மீண்டும் ஒரு கூரையின்கீழ் எப்படி வாழத் தொடங்குகிறார்கள் என்ற வினா நம் வரலாற்றுக் கதாசிரியர்களை அவ்வளவாகக் கவரவில்லை.

அவ்வினாவை மையமாகக் கொண்ட கதையைத் தேடுவோர் பின்னோக்கிச் சிலப்பதிகாரத்திற்குத்தான் செல்ல வேண்டும். உ. வே. சாமிநாதையர் 1892-இல் அடியார்க்குநல்லார் உரையோடு அதைப் பதிப்பித்த நாளிலிருந்து, அந்நூலைப் பற்றி எழுதப்பட்டவை ஒரு நூலகத்தை நிரப்பும். ஆயினும் பொதுமக்கள் நினைவில் நிற்பவள் பாண்டியன் அவையில் சிலம்பை உடைத்த கண்ணகி ஒருத்தியே. 1942-இல் வந்த ‘கண்ணகி’ படமும், 1964-இல் வந்த ‘பூம்புகார்’ படமும், சென்னைக் கடற்கரையில் 1968-இல் நிறுவப்பட்ட சிலையும் அவளையே நம் கண்முன் நிறுத்தின. அதற்கு முந்தைய கண்ணகியை, கணவனால் கைவிடப்பட்டு அவன் திரும்பி வந்தபோது எழுந்து உடன் நடந்த பெண்ணை, நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்: பொறுமை.

இச்சொல் மேடையோடு நின்றிருந்தால் கவலையில்லை. பிணங்கிய தம்பதியர் பங்குக் குருவைத் தேடி வரும்போது அவர்களோடு வரும் பெரியவர்களில் ஒருவராவது பெண்ணைப் பார்த்து, “கண்ணகியைப்போல் பொறுத்துக்கொள், அம்மா” என்று சொல்லாமல் இருப்பதில்லை. ஆணைப் பார்த்து, “கோவலனைப்போல் வாய்திறந்து பேசு, தம்பி” என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நூலில் இவ்விரண்டு அறிவுரைகளுள் எதற்கு இடம் இருக்கிறது என்பதைப் பார்ப்பது திறனாய்வாளனின் வேலை மட்டுமன்று.

கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் வீடு திரும்புகிறான். அங்கே அவன் சொல்வதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பொய்யை உள்ளத்தில் கொண்ட ஒருத்தியோடு கூடி முன்னோர் ஈட்டிய மலை போன்ற செல்வத்தைத் தொலைத்துவிட்டேன். இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருகிறது என்கிறான். பழி மாதவி மேல். நாணம் வறுமை குறித்து. தன்முன் நிற்கும் மனைவிக்கு நேர்ந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கண்ணகியும் அதற்கேற்பவே விடை தருகிறாள். முகத்தில் சிரிப்போடு, சிலம்புகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கப் பொருளில்லாமல் வருந்துகிறான் என்று அவள் எண்ணியதாக உரை கொள்வது வழக்கம். அப்படியானால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவேயில்லை. இதை நம் சொற்பொழிவாளர்கள் ‘மீண்டும் இணைந்தனர்’ என்கிறார்கள்! இணையவில்லை, ஒரே வழியில் நடக்கத் தொடங்கினார்கள், அவ்வளவே.

அவ்வழி காவிரியின் வடகரை. மதுரை எங்கே என்று அவள் மூச்சிரைக்கக் கேட்கிறாள். முப்பது காதத்தை, ஐந்தோ ஆறோ எனக் காதில் விழும்படி அவன் சொல்லிச் சிரிக்கிறான். கவுந்தியடிகள் உடன் வருகிறார். நாளொன்றுக்குக் காதத்திற்கு மிகாமல் நடந்து மூவரும் அரங்கத்தை, அதாவது நமது திருவரங்கத்தை, அடைகிறார்கள். சாரணரின் அறவுரை கேட்கிறார்கள். ஓடமேறித் தென்கரை சேர்கிறார்கள். இன்று சிந்தாமணிக்கும் மாம்பழச்சாலைக்கும் இடையே பேருந்தில் சில நிமிடங்களில் கடக்கும் அந்நீர்ப்பரப்பில்தான் கதையின் முதல் திருப்பம் நிகழ்கிறது என்பது என் கருத்து. பலரும் இதனை ஒரு சாபக் கதை என்று தள்ளிவிட்டு உறையூருக்குள் விரைந்து விடுகிறார்கள்.

தென்கரைச் சோலையில் தங்கியிருந்தபோது ஒரு பரத்தையும் அவளோடு திரியும் வெற்றுப் பேச்சுக்காரன் ஒருவனும் வருகிறார்கள். காமனும் அவன் தேவியும் போன்ற இவர்கள் யார் என்கிறார்கள். என் மக்கள் என்கிறார் கவுந்தி. ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் கணவன் மனைவியாய் வாழ்வதும் உண்டோ என்று அவர்கள் எள்ளுகிறார்கள். கண்ணகி செவிகளைப் பொத்திக்கொண்டு கணவன்முன் நடுங்குகிறாள். துறவியின் சினம் அவ்விருவரையும் நரிகளாக்குகிறது. நரிகளின் ஊளை கேட்டதும் அவளும் அவனும் சேர்ந்தே நடுங்குகிறார்கள். சேர்ந்தே கவுந்தியிடம் மன்றாடுகிறார்கள். நெறி தவறியவர் தகாதன பேசினாலும் அதை அறியாமை என்று கொள்ள வேண்டும். இவர்களுக்கு மீட்சிக் காலம் எப்போது என்று கேட்கிறார்கள். உறையூர் மதிற்புறத்தே பன்னிரண்டு திங்கள் உழன்று பழைய உருப் பெறுவர் என்று கவுந்தி தணிகிறார்.

பிரிந்து வந்த இக்கணவனும் மனைவியும் ஒரே குரலில் பேசும் முதல் பேச்சு இதுதான். தங்களைப் பற்றி ஒன்றும் பேச இயலாத நிலையில், தங்களை இகழ்ந்தவர்களுக்காக ஒன்றுபட்டுப் பேசுகிறார்கள். கல்வாரியில் அறியாமையைச் சொல்லி மன்னிப்பு வேண்டிய குரல் நமக்கு நினைவு வரும். ஆனால் அந்த ஒப்புமையை நீட்ட நான் விரும்பவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. இளங்கோ இவ்விருவரையும் குறிக்க ஆளும் சொற்கள் ‘வம்பப் பரத்தை’, ‘வறுமொழியாளன்’ என்பன. இவற்றை மனத்தில் இருத்திக்கொண்டு கொலைக்களக் காதைக்குச் செல்லுங்கள்.

அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. மதுரைக்குச் செல்லும் வழியில் கோசிகன் வழியாக மாதவியின் ஓலை கோவலன் கைக்கு வருகிறது. படித்ததும் அவன் தளர்ச்சி நீங்கி, தீது அவளுடையதன்று, என்னுடையது என்கிறான். புகாரில் பொய்யள் என்று தூற்றப்பட்டவளுக்கு நீதி கிடைக்கிறது. கிடைத்து என்ன பயன்? அவள் அதைக் கேட்கவில்லை. ஓலையையும் தன் பெற்றோருக்கு அனுப்பிவிடுகிறான். இந்தக் காப்பியத்தில் மாதவிக்குச் சேர வேண்டிய சொல் சேரும் இடத்தைச் சேராமலே போகிறது; அக்குறையை நான் இளங்கோவின் கணக்கில் எழுதத் தயங்கமாட்டேன்.

ஆயர்பாடியில், மாதரியின் வீட்டில், கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்து விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, புகையால் கண் கலங்குகிறது. வாழைக் குருத்தில் அமுது படைத்து, உண்டபின் வெற்றிலையும் பாக்கும் தந்து நிற்கிறாள். செல்வ வணிகன் மகள் ஒருத்தி இடையர் மனையில் அடுப்பின்முன் அமர்ந்த காட்சியைக் கண்ட பிறகே கோவலனின் வாய் திறக்கிறது. அவளை அருகே அழைத்துப் பேசுகிறான். வறுமொழியாளரோடும் வம்பப் பரத்தரோடும் கூடிச் சிரித்து, நல்லோர் சொல்லை அழித்தேனே, எனக்கு நல்ல கதி உண்டோ என்கிறான். பெற்றோர்க்குச் செய்ய வேண்டியதில் தவறினேன். உனக்குச் சிறுமை செய்தேன். எழு என்றதும் எழுந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்று உருகுகிறான்.

அதே சொற்கள்! காவிரிக் கரையில் நரிகளாய் மாறியவர்களைக் குறித்த சொற்களாலேயே அவன் தன் பழைய கூட்டத்தைக் குறிக்கிறான். அன்று யாருக்காக மன்னிப்புக் கேட்டானோ அவர்களுள் ஒருவனாகத் தன்னை இப்போது காண்கிறான். இதனைத் தற்செயல் என்று கொள்ள என்னால் இயலவில்லை. புகாரில் சொன்னதையும் இதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: அங்கே பொருள் தொலைந்த நாணம், இங்கே அவளுக்குச் செய்த சிறுமை. இவ்விரண்டு பேச்சுகளுக்கும் இடைப்பட்ட தொலைவே அந்த முப்பது காதம்.

கண்ணகியின் மறுமொழியைத்தான் நாம் சரியாகப் படித்ததில்லை. ‘பரவாயில்லை’ என்று அவள் சொல்லவில்லை. அறவோர்க்கும் அந்தணர்க்கும் துறவோர்க்கும் விருந்தினர்க்கும் செய்யும் கடமைகளை நான் இழந்தேன் என்கிறாள். உங்கள் தாயும் தந்தையும் வந்தபோது என் நோவை மறைத்துப் பொய்யாகச் சிரித்தேன். அச்சிரிப்பே அவர்களை வருத்தியது என்கிறாள். அதன்பின், உயர்ந்தோர் போற்றாத ஒழுக்கத்தை நீங்கள் மேற்கொண்டீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். இத்தனைக்கும் பிறகே, என் உள்ளம் மாறாதது ஆதலால் எழுந்து வந்தேன் என்று முடிக்கிறாள். குற்றச்சாட்டு முன்னே, அன்பு பின்னே. புகாரில் அவள் முகத்தில் இருந்த சிரிப்பும் எத்தகையது என்பது இப்போதுதான் நமக்குப் புரிகிறது. பொறுமைக்கு இலக்கணமாக நாம் காட்டிய அச்சிரிப்பைப் பொய் என்று அவளே அறிவிக்கிறாள்.

அவள் தன் சொந்த வேதனையை இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம்; விருந்தோம்பல் இழந்ததைத்தானா ஒரு பெண் முதலில் எண்ணுவாள் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். அக்காலத்தில் மனைவிக்கு வீட்டுக்கு வெளியே இருந்த மதிப்பு முழுவதும் அக்கடமைகளில்தான் தங்கியிருந்தது. கணவனில்லாத வீட்டில் அவற்றைச் செய்யும் உரிமையும் அவளுக்கு இல்லை. ஆகவே அவள் இழந்தது சமையற்கட்டு வேலையை அன்று, ஊரில் தனக்கிருந்த நிலையை. உடன் வந்த பெரியவர்கள் இதனை அறியாதவர்களா?

ஊடலும் வழக்காடலும் இம்மண்ணுக்குப் புதியனவல்ல. திருவரங்கத்தில் பங்குனிப் பெருவிழாவின்போது ஆயில்யத்தன்று நம்பெருமாள் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தியில் இருந்து திரும்புவார். உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துக்கொள்வார். பூவும் வெண்ணெயும் வீசப்படும். இரு பக்கத்து வாதமும் உரக்கச் சொல்லப்படும். நம்மாழ்வார் நடுவே நின்று சமாதானம் செய்தபின்னரே சேர்த்தி. நாம் அயலார், அவ்விழாவின் சமயப் பொருளை விளக்கும் தகுதி நமக்கில்லை. ஆனால் ஊர் கூடி நிற்க மனைவியின் முறையீடு முழுவதும் கேட்கப்பட்டபின் கதவு திறக்கும் அவ்வொழுங்கு, கவுந்தியோடு அத்தம்பதியர் கடந்த அதே ஆற்றின் இரு கரைகளையும் சேர்த்து நடைபெறுகிறது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பள்ளிப் பாடநூல்கள் வழக்குரை காதையைக் கொடுத்துச் சிலப்பதிகாரத்தை அறிமுகப்படுத்தின. அதனால் நீதி கேட்ட குரல் மாணவர்க்குத் தெரிகிறது. அக்குரல் அரசனிடம் எழுமுன் கணவனிடம் எழுந்தது தெரிவதில்லை. திருமண ஆயத்த வகுப்புகளில் நூல் ஒன்றைப் படிக்க விரும்பும் அன்பர்கள் கனாத்திறம் உரைத்த காதை, நாடுகாண் காதை, புறஞ்சேரி இறுத்த காதை, கொலைக்களக் காதை ஆகிய நான்கையும் இவ்வரிசையிலேயே எடுத்துக்கொள்ளலாம். எளிய உரையோடு வாய்விட்டுப் படித்தால் ஒரு மாலைப் பொழுது போதும். கொலைக்களக் காதையில் கோவலன் ஒற்றைச் சிலம்போடு தெருவில் இறங்கும் இடத்தில் சற்று நிறுத்தி, அங்கிருக்கும் ஆண்களைப் பேசச் சொல்லுங்கள்.