அம்மாடி, என்ன ஓட்டம்!

பூந்தொட்டியில் தானாக மண்டிக்கிடக்கும் ஊதா இலைச் செடி தெரியுமல்லவா? காலையில் பூத்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் அதன் இளஞ்சிவப்புப் பூவை யாரும் சட்டை செய்வதில்லை. தாவரவியலில் டிரடெஸ்கான்ஷியா என்பார்கள். அதன் மகரந்தத் தாளில் மெல்லிய மயிர்கள் இருக்கும். அதில் ஒன்றை இடுக்கியால் பிய்த்து, ஒரு சொட்டுத் தண்ணீரிலிட்டு, 400 மடங்கு பெருக்கிப் பார்த்தேன். கண்ணை எடுக்க மனம் வரவேயில்லை!

ஒவ்வொரு செல்லும் ஊதா நீர் நிரம்பிய பாசிமணி. அதன் குறுக்கே நிறமற்ற இழைகள். இழை நெடுகிலும் பொடித் துகள்கள் ஓடுகின்றன, ஓடிக்கொண்டே இருக்கின்றன! ஒரே இழையில் சில மேலே போகின்றன, அவற்றை ஒட்டியே சில கீழே வருகின்றன. ஒன்று சட்டென்று நின்று, தயங்கி, மறுபடி கிளம்புகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் இழை மெலிந்து காணாமல் போகிறது, வேறோரிடத்தில் புதிதாக ஒன்று முளைக்கிறது. எந்தச் சினிமாவும் பக்கத்தில் வராது, சத்தியமாக.

இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றின் மயிரில் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுனும் இந்த ஓட்டத்தைக் கண்டிருக்கிறார். பீகிள் கப்பல் பயணத்துக்கு முன் தன்னைப் பார்க்க வந்த டார்வினிடம் நுண்ணோக்கியைக் காட்டி, தெரிவதைச் சொல்லச் சொன்னாராம். சொல்லி முடித்த டார்வின் ‘அது என்ன?’ என்று கேட்க, அது தன் ரகசியம் என்று மழுப்பிவிட்டார், குறும்புக்காரர்! செல்லுக்குள் ஓடும் இந்த ஓட்டமாகத்தான் இருக்கும் என்று டார்வின் பிற்பாடு எழுதினார்.

பிரவுன் பெயரால் வழங்கும் அசைவு வேறு. 1827இல் மகரந்தத்துக்குள்ளிருந்து வந்த நுண்துகள்களில் அவர் கண்ட நடுக்கம் அது. நீர் மூலக்கூறுகள் முட்டுவதால் வருவது. உயிரற்ற தூசிக்கும் உண்டு. இங்கே நடப்பதோ இழுவை. நம் தசைகளை இயக்கும் மயோசினின் பங்காளிப் புரதம், ஆக்டின் என்ற புரத இழையைப் பற்றிக்கொண்டு, செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் செலவழித்துச் சுமையை இழுக்கிறது. செல் செத்தால் இழுவை நின்றுவிடும், நடுக்கம் நிற்காது.

எதற்கு இவ்வளவு செலவு? காரா என்ற பாசியில் ஒரே செல் பல சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சிறு மூலக்கூறு ஒன்று தானாகப் பரவி 5 சென்டிமீட்டர் கடக்க ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். காராவின் ஓட்டம் நொடிக்கு 100 மைக்ரோமீட்டரைத் தொடும். எட்டொன்பது நிமிடத்தில் வேலை முடிந்தது!

ஊதாச் செடி கிடைக்காவிட்டால் மீன் தொட்டிக் கடையில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியைக் கேளுங்கள். அதில் பசுங்கணிகங்களே சுவரோரமாக வலம் வரும். பறித்த இலை முதலில் சும்மா கிடக்கும். விளக்கைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள், கிளம்பிவிடும்.