முகம் இல்லாத உயிர்களின் படம்

பத்துமலை என்றதும் நம் எல்லாருடைய கைப்பேசியிலும் ஏறக்குறைய ஒரே படம்தான் இருக்கும். 42.7 மீட்டர் உயரத் தங்க முருகன், 2018-இல் வண்ணம் பூசிய 272 படிகள், வாழைப்பழத்தைப் பறிக்க நிற்கும் குரங்கு. அந்தப் படிகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் இருட்டுக் குகையில் ‘லிஃபிஸ்டியஸ் பாட்டுயென்சிஸ்’ என்ற சிலந்தி வாழ்கிறது. மலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட சிலந்தி. அதன் வயிற்றின் மேல் வரிவரியாகத் தகடுகள் இருக்கும். சுமார் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிலந்திகளின் உடலமைப்பு அது. குகைச் சுவரில் மூடி போட்ட பட்டுக்கூடு கட்டி, வாசலிலிருந்து சில நூல்களை வெளியே நீட்டி வைத்துவிட்டு உள்ளே காத்திருக்கும். பூச்சி நூலில் கால் வைத்தால் மூடி திறக்கும். தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் அங்கே போகிறோம். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கவனிக்கப்படாத உயிர்களைப் படத்தின் வழியாக மக்களிடம் கொண்டுபோகும் முயற்சிகளில் மிகப் பெரியது ஜோயல் சார்ட்டோரியின் ‘ஃபோட்டோ ஆர்க்’. 2006-இல் அமெரிக்காவின் லிங்கன் நகர விலங்கியல் பூங்காவில் தொடங்கியது. முதல் படம் புலியோ யானையோ இல்லை, மண்ணுக்குள் வாழும் மொட்டை எலி. கறுப்பு அல்லது வெள்ளைப் பின்னணி, சீரான ஒளி, கண்ணுக்கு நேராகக் கேமரா. எலியும் யானையும் ஒரே அளவில் சட்டகத்தை நிரப்புகின்றன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களை அவர் இப்படி எடுத்துவிட்டார்.

இந்த முறைக்கு உண்மையான பலம் உண்டு. ஒல்லியாக, பெரிய கண்ணோடு யாராவது இருந்தால் ‘தேவாங்கு மாதிரி’ என்று கிண்டல் செய்கிற மொழி நம்முடையது. 2022-இல் தமிழ்நாடு அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகளில் தேவாங்குக்கென்று சரணாலயம் அறிவித்தது. அந்தக் கண்களை நேருக்கு நேர் காட்டும் ஒரு நல்ல படத்தைப் பார்த்த பிறகு அந்த வசவு வாயில் வர மறுக்கிறது. படம் செய்யக்கூடிய வேலை இது.

ஆனால் தேவாங்குக்குக் கண் இருக்கிறது, நம்மைத் திரும்பிப் பார்க்கிறது. சிலந்தியும் நத்தையும் அப்படிப் பார்ப்பதில்லை. சார்ட்டோரி சிலந்திகளையும் எடுத்திருக்கிறார்தான். கறுப்புத் துணியில் வைத்த லிஃபிஸ்டியஸ் ஒரு விநோதப் பூச்சியாக மட்டுமே தெரியும். அதன் மூடி, நூல்கள், ஈரச் சுவர் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த உயிர். பின்னணியை எடுத்துவிட்டால் பாதி உயிரை எடுத்துவிட்டோம் என்று பொருள்.

புகைப்படம் என்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதற்கு ப்ளாப்ஃபிஷ் சாட்சி. 2013-இல் உலகின் அசிங்கமான விலங்கு என்று வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட மீன் அது. எல்லாரும் பார்த்துச் சிரித்த படம் 2003-இல் ஒரு ஆழ்கடல் ஆய்வுப் பயணத்தில் எடுத்தது. கடும் அழுத்தமுள்ள ஆழத்திலிருந்து மேலே இழுத்ததில் அதன் உடல் குழைந்துபோயிருந்தது. தன் இடத்தில் அது மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கிறது. கேமரா பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் பார்த்தது சிதைந்த ஒரு உடலை.

அப்படியென்றால் ஏஐ படம் மட்டும் என்ன குற்றம் செய்தது?

நண்பர் ஒருவர் ஒரு பள்ளியின் அறிவியல் விழாவுக்கு, அழிந்துவரும் மலேசிய உயிர்கள் பற்றிப் பதாகை செய்தார். படமெல்லாம் ஏஐ. அதில் லிஃபிஸ்டியஸும் இருந்தது. புசுபுசுவென்று முடி வைத்த பெரிய சிலந்தி, இரண்டு இலைகளுக்கு நடுவே வட்ட வலையில் உட்கார்ந்திருந்தது. வயிற்றில் தகடு இல்லை, கூடு இல்லை, குகையும் இல்லை. சொன்னேன். “அழகாத்தானே இருக்கு, யாருக்குத் தெரியப் போவுது லா?” என்றார்.

அவர் கேட்டதுதான் விஷயமே. 2024-இல் கூகுளில் மயில் குஞ்சு என்று தேடியவர்களுக்கு, நீலக் கழுத்தும் குட்டித் தோகையுமாக ஏஐ குஞ்சுகள் வந்து நின்றன. உண்மையான மயில் குஞ்சு கோழிக்குஞ்சு மாதிரி பழுப்பாக இருக்கும். மயிலை அறிந்தவர்கள் நிறைய பேர் என்பதால் பொய் பிடிபட்டது. லிஃபிஸ்டியஸுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. எந்த உயிரை நாம் குறைவாகப் படம் எடுத்தோமோ, அதைப் பற்றி ஏஐக்கும் குறைவாகத்தான் தெரியும். தெரியாத இடத்தைத் தெரிந்த சிலந்திகளின் சராசரியால் நிரப்புகிறது. நம்முடைய அலட்சியம் அழகான படமாகத் திரும்பி வருகிறது.

தொழிற்சாலையில் என் வேலை கேமரா வைத்து சிப்பில் குறை தேடுவது. அரிதான குறைக்குப் போதிய படம் கிடைக்காது. அப்போது கணினியிலேயே செயற்கைக் குறைகளை உருவாக்கி இயந்திரத்துக்குப் பழக்குவோம். அது வேலை செய்யும், ஏனென்றால் உண்மையான குறையுள்ள சிப் நான்காவது மேசையில் இருக்கும், எடுத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒப்பிட ஒன்றுமே இல்லாமல் செயற்கைப் படத்தை மட்டும் வைத்துப் பழக்கினால் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடமாட்டார்.

கணினி உருவாக்கிய படம் என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை என்பதற்கும் நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள பிளெக்டோஸ்டோமா நத்தைகளைப் பற்றி லியூ தோர் செங்கும் மற்றவர்களும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஓடுகளை எக்ஸ்ரே நுண்வருடலில் அளந்து முப்பரிமாண உருவங்கள் ஆக்கினார்கள். சிப்புக்குள் பற்றவைப்பைப் பார்க்க நாங்கள் பயன்படுத்துகிற அதே முறை. அந்த உருவத்தின் ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் ஒரு நிஜ ஓடு இருக்கிறது. அதே பேரினத்தில் ‘பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம்’ என்று ஒன்று இருந்தது. பகாங்கில் புக்கிட் பஞ்சிங் என்ற ஒரே சுண்ணாம்புக் குன்றில் வாழ்ந்தது. குன்றைக் கல்லுடைத்து எடுத்தார்கள். நத்தை அழிந்துவிட்டது என்று ஐ.யு.சி.என். பதிவு செய்திருக்கிறது.

ஈப்போ அருகே குனோங் காந்தானில் இன்னொரு நத்தை கண்டுபிடிக்கப்பட்டபோது, அங்கே கல்லுடைத்த சிமெண்ட் நிறுவனத்தின் பெயரையே ஆய்வாளர்கள் அதற்கு வைத்தார்கள்: ‘சாரோப்பா லஃபார்கை’, 2014. எனக்குத் தெரிந்து, முகமில்லாத ஒரு உயிருக்காகச் செய்த மிகக் கூர்மையான படைப்புச் செயல் அந்தப் பெயர்தான். படம் காட்டாத பின்னணியை, அதாவது மலையையும் அதை உடைப்பவரையும், ஒரு சொல் காட்டிவிட்டது.

இந்த வகைப் படங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இது எதை அளந்தது, எங்கே நின்று அளந்தது? பதில் இருந்தால், அது கேமராவோ எக்ஸ்ரேயோ ஏஐயோ, பேசலாம். அழிந்த உயிரை ஏஐ வரைந்தால் எந்த ஓட்டை, எந்தக் குறிப்பை வைத்து வரைந்தது என்று படத்தின் கீழேயே எழுதட்டும். பதில் இல்லாத படத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்காதீர்கள். அவர்கள் நாளைக்குக் குகைக்குப் போனால், புசுபுசு சிலந்தியைத் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடுவார்கள். இருப்பது சுவரில் மூடியைச் சாத்திக்கொண்டு இருக்கும்.

எங்கள் தாசேக் கெலுகோர் பக்கம் ஆயர் ஈத்தாம் டாலாம் சதுப்புக் காட்டுக்குப் பறவை பார்ப்பவர்கள் நீளமான லென்ஸோடு வருகிறார்கள். எல்லா லென்ஸும் மேலே பார்க்கும். ‘ஆயர் ஈத்தாம்’ என்றால் கறுப்புத் தண்ணீர். அந்தத் தண்ணீரில் இருப்பதையும் யாராவது குனிந்து எடுக்க வேண்டும். ஏஐ கற்றுக்கொள்வதற்கும் முதலில் அந்தப் படம் வேண்டும்.