72, 80, 75, 77

டர்போ சி-யில் பாம்பு விளையாட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு இந்த நான்கு எண்களும் மனப்பாடமாக இருக்கும். மேல், கீழ், இடம், வலம். ஆரோ கீயை அழுத்திவிட்டு, அதைப் படிக்கும் ‘கெட்ச்’ ஃபங்ஷனைக் கூப்பிட்டால் முதலில் பூஜ்யம்தான் வரும். வந்தது எழுத்து அல்ல, இன்னொரு எண் பின்னால் வருகிறது என்று பொருள். மறுபடி கூப்பிட்டால் 72.

ஏன் 72? நான்கும் ஏன் அடுத்தடுத்த எண்களாக இல்லை? விடை 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் இருக்கிறது. அதில் ஆரோக்களுக்குத் தனி கீ கிடையாது. வலப்பக்க எண் கீகளில் 8, 2, 4, 6 ஆகியவையே அந்த வேலையையும் பார்த்தன. அங்கே 7, 8, 9 என்ற வரிசைக்கு 71, 72, 73. ஓரத்துக் கழித்தல் குறிக்கு 74. அடுத்த வரிசைக்கு 75, 76, 77. கூட்டல் குறிக்கு 78. கீழே 1, 2, 3-க்கு 79, 80, 81. விரலால் தொட்டு எண்ணிப் பாருங்கள், சரியாக வரும். ஆரோக்கள் பிறகு தனி இடம் பிடித்தன. எண்கள் மட்டும் பழைய வீட்டு முகவரியை விடவில்லை. எனக்கு இது அலுக்கவே அலுக்காத அழகு.

யுனிக்ஸ் வழி வேறு. அங்கே மேல் ஆரோ என்பது மூன்று பைட்: 27, 91, 65. 1978-இல் வந்த டெக் விடி100 டெர்மினல் விட்டுச்சென்ற வழக்கம். சிக்கல் என்னவென்றால், எஸ்கேப் கீயும் 27-தான். வந்தது எஸ்கேப்பா, ஆரோவின் தலைப்பா?

சால்வத்தோரே சான்ஃபிலிப்போ 2016-இல் ஆயிரம் வரிக்குள் எழுதிய ‘கிலோ’ எடிட்டரைத் திறந்து பாருங்கள். டெர்மினலின் வரிச் சேமிப்பையும் எதிரொலியையும் அணைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தைச் சொல்லும் ‘விடைம்’ மதிப்பை 1 என்று வைக்கிறார். அதாவது, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. 27 வந்ததும் நிரல் அவ்வளவு நேரம் காது கொடுக்கிறது. எதுவும் வராவிட்டால் எஸ்கேப். எதுவும் வராததையே செய்தியாகப் படிக்கும் அந்த ஒற்றை வரியில் எனக்குக் கொள்ளை ஆசை.

மெதுவான இணைப்பில் 91 பிந்திவிட்டால் கதை மாறும். எழுதிக்கொண்டிருந்த சொல்லின் நடுவே ஒரு சதுர அடைப்புக்குறியும் பெரிய ‘ஏ’யும் வந்து விழும். கர்ஸர் அதே வரியிலேயே நிற்கும்.